குட்டைக் கால்

“திருடினதுகூடப் போகட்டும் அம்மா. ஏன்னு கேட்காமத் திருடியிருக்காங்க.”

மலைமேல் இருந்த மடத்தில் சங்கையாவுக்கு அது நாலாவது குளிர்காலம். அதற்கு முன் இரும்புப் பட்டறையில் பிழைத்தவர். குரு வடிவம்மாவைவிட வயதில் மூத்தவர். கோபத்திலும் மூத்தவர்.

தியான அறையின் குளிருக்கு அவர் ஒரு விறகுக் கணப்பு செய்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவில் துரைமார் காலத்தில் குளிர்காய வைத்திருந்த எஃகு அடுப்பு ஒன்று கிடந்தது. காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு, அதை அளந்து பார்த்துத்தான் தொடங்கினார். கால் அங்குலத் தகடு. உள்ளே மூன்று பக்கமும் சூளைக்கல். பங்களா அடுப்பில் புகை நேரே குழாயில் ஏறி, சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சங்கையா நெருப்புக்கு மேலே ஒரு குறுக்குத் தகடு வைத்தார். புகை முன்பக்கம் வந்து திரும்பித்தான் வெளியேற வேண்டும். அதற்குள் சூட்டை அறையில் இறக்கிவிடும். பாதி விறகு போதும்.

இப்போது அடிவாரத்தில் ஒரு பட்டறைக்காரர், மடத்துக்கு ஆள் விட்டு அளவெடுத்து, அதை அப்படியே செய்து ‘மடத்து அடுப்பு’ என்று விற்கிறார்.

“குறுக்குத் தகட்டை எடுத்துக்கிட்டார், சரி. பின்னங்கால் ஒண்ணு விரற்கடை குட்டை. அதையும் விடலை.”

மடத்துத் தரை பாறை. ஒரு மூலையில் புடைத்திருக்கும். அதற்காகக் குறைத்த கால் அது. ஊரில் சிமெண்டுத் தரையில் அந்த அடுப்பு நொண்டுகிறது. அடியில் ஓட்டுச் சில்லு வைத்துச் சமாளிக்கிறார்கள்.

முந்தாநாள் ஒரு வீட்டில் சில்லு நழுவி, குழாய் கழன்று, வீடெல்லாம் புகை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் சங்கையாவைச் சந்தையில் மறித்து, அடுப்புக்குக் கால் வைக்கத் தெரியாதவருக்கு மோட்சம் எதுக்கு என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பட்டறைக்காரரிடம் போனால், அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். மடத்தில் செய்தது, ஏதாவது தத்துவம் இருக்கும் என்று நினைத்தாராம்.

சங்கையா சம்மட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கீழே இறங்கி, விற்காமல் இருக்கும் அடுப்புகளை உடைக்கப் போகிறார். குரு உத்தரவு தர வேண்டும். தராவிட்டாலும் போவார். ஆனால் பிறகு மடத்துக்குத் திரும்ப மாட்டார்.

வடிவம்மா மறுக்கவில்லை.

“அளவு தப்பா எடுத்திருக்காரா?”

“இல்லையே. நூல் பிசகலை.”

“அப்புறம் என்ன குறை?”

“நான் இங்கேதானே அம்மா இருக்கேன்? ஏறி வந்து, இது ஏன் குட்டைன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?”

“நியாயம்தான். போயிட்டு வாங்க.”

சங்கையா வணங்கிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

“சங்கையா, நான் பேசறப்ப நீங்க தலையை ஒரு பக்கமாவே திருப்பி வச்சிருக்கீங்களே, எதுக்கு?”

இத்தனை நாளில் இதைக் கவனித்துக் கேட்டாரே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

“நீங்க அப்படித்தானே அம்மா கேட்பீங்க. பார்த்துப் பார்த்துப் பழகினேன். கழுத்து பிடிச்சுக்கும். விடலை. புதுசா வந்த மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

வடிவம்மா சொன்னார்:

“எனக்கு வலது காது கேட்காது.”