கரிச்சான் சொன்ன ‘ஆனால்’

ஒரு மலைக்காட்டில், மேகம் வந்து உரசிப் போகும் உயரத்தில், செங்குத்தான பாறை ஒன்று இருந்தது. அந்தப் பாறையில் பத்து வரையாடுகள் குடியிருந்தன, குழந்தைகளே. நாம் எட்டிப் பார்க்கவே பயப்படும் விளிம்பில் நின்றுகொண்டு அவை நிம்மதியாக அசைபோடும். கீழே திரியும் செந்நாய்கள் அண்ணாந்து பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போகும்.

அந்த மந்தைக்குக் கொம்பையா என்ற கடா தலைவன். நல்லவன்தான். யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் தலைகால் புரியாது. மருக்கொழுந்து என்றொரு பெண்ணாடு இருந்தாள். அவளுக்கு எந்நேரமும் பசி. அவளுடைய அக்கா ஞானப்பூ.

ஞானப்பூவுக்குப் பெரிய அறிவு கிடையாது, பேச்சுத் திறமையும் கிடையாது. ஒரு கால் சற்றே நொண்டும். அவளிடம் நிறைய இருந்தது நன்றி ஒன்றுதான். அது எப்படி வந்தது தெரியுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருமழையில் பாறை சரிந்தது. ஞானப்பூ பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தாள். ஒரு பகல் முழுவதும் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு ஏசுவடியான் என்ற வனக்காவலர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். முழங்கைத் தோலெல்லாம் உரிந்து ரத்தம் கசிய, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். தம் குடிசையில் மூன்று மாதம் வைத்துக் காலுக்குக் கட்டுப் போட்டார். ஞானப்பூ என்ற பெயரையும் அவர்தான் வைத்தார்.

அந்தக் குடிசையில் விடியற்காலை தோறும் அவரும் அவர் மனைவியும் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள். தேவனுடைய குமாரனாகிய இயேசு, வழிதப்பிப் போனவர்களைத் தேடி விண்ணைவிட்டு இறங்கி வந்தார் என்றும், அவர்களுக்காகச் சிலுவையில் உயிரைக் கொடுத்து மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்றும், அதற்கு விலையாக யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்றும் அவர்கள் நன்றி சொல்லுவார்கள். சாக்குப் படுக்கையில் கிடந்த ஞானப்பூவுக்கு அது சட்டென்று விளங்கியது. தன்னைத் தேடி ஒருவர் இறங்கி வந்ததை அவள் கண்ணால் கண்டவள் அல்லவா?

கால் கூடியதும் அவள் மலைக்குத் திரும்பி மந்தைக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொன்னதை ஆடுகள் நம்பின. அன்றிலிருந்து விடியும்போது பத்து ஆடுகளும் பாறை விளிம்பில் கூடி நிற்கும். “ஆண்டவராகிய இயேசுவே! எங்களைத் தேடி வந்தீர். எங்களுக்காக உயிர் கொடுத்தீர். உமக்கு நன்றி” என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் மேய்ச்சல்.

ஓர் ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. பாறை இடுக்குகளில் புல் காய்ந்து கம்பியாகிவிட்டது. அந்த நாளில் ஒரு காலை, ஜெபம் முடிகிற நேரத்தில், பக்கத்து மரத்திலிருந்து அதே சொற்கள் தேனாக ஒழுகி வந்தன. ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

கன்னங்கரேலென்று ஒரு கரிச்சான் குருவி. வால் நுனியில் துடுப்புப் போல இரண்டு இறகுகள். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும் பறவை அது. பெயர் இன்குரலான்.

“அடடா! எவ்வளவு அழகான ஜெபம்! இப்படிப்பட்ட மந்தையை நான் கண்டதே இல்லை” என்றது கரிச்சான். “அதிலும் தலைவரே, உங்கள் குரலில் ஒரு தீர்க்கதரிசியின் கம்பீரம் இருக்கிறது.”

கொம்பையா கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். “அப்படியா? எனக்கே இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே!” என்றான்.

அன்று முதல் கரிச்சான் தினமும் வந்தது. ஜெபத்தில் கலந்துகொண்டது. ஜெபம் முடிந்ததும் கொஞ்சம் பேசியது. அதன் பேச்சைக் கேட்க ஆடுகள் மேய்ச்சலை மறந்து நின்றன.

ஒரு நாள் அது சொன்னது: “இயேசு உங்களைத் தேடி வந்தார். உண்மைதான். ஆனால் அது தொடக்கம் மட்டுமே. நீங்களும் அவரைத் தேடி ஏற வேண்டாமா?”

இன்னொரு நாள் சொன்னது: “அவர் உயிர் கொடுத்தார். யார் இல்லை என்றது? ஆனால் அது குட்டிகளுக்குச் சொல்லும் பாடம். வளர்ந்தவர்களுக்கு ஓர் இரகசியம் உண்டு. அது எனக்கு மட்டும் வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது.”

“என்ன இரகசியம்?” என்று மருக்கொழுந்து ஆவலோடு கேட்டாள்.

“கீழே ஒரு பசும்புல்வெளி இருக்கிறது. முழங்கால் அளவு புல், பக்கத்திலேயே ஓடை. விசுவாசத்தில் தேறியவர்களுக்கு அது ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பயந்தவர்கள் செய்கிற வேலை. தேறியவர்களைச் செந்நாய் தொடாது.”

“தொட்டால்?” என்று கேட்டாள் ஞானப்பூ.

“தொட்டால் அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று அர்த்தம்” என்றது கரிச்சான், கொஞ்சமும் யோசிக்காமல்.

 ஞானப்பூவுக்கு அந்தப் பதிலில் ஏதோ கோணல் இருப்பது தெரிந்தது. என்ன கோணல் என்று எடுத்துச் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை. மற்ற ஆடுகள் தலையாட்டிக்கொண்டு நின்றன. ‘எல்லோருக்கும் சரியாகப் படுகிறதே, எனக்குத்தான் புரியவில்லையோ?’ என்று அவள் கலங்கினாள். தனியே போய், “ஆண்டவரே, நான் படிப்பில்லாதவள். நீர் எனக்குச் செய்ததை மட்டும் நான் விட்டுவிடாமல் காத்துக்கொள்ளும்” என்று வேண்டிக்கொண்டாள்.

நாளாக நாளாக ஜெபமே மாறிப்போனது. கரிச்சான் முன்னால் சொல்ல, ஆடுகள் பின்னால் சொல்லின. “தேடி வந்தீர்” என்ற இடத்தில் “தேடி ஏறினோம்” வந்தது. “உயிர் கொடுத்தீர்” என்ற இடத்தில் “வழி காட்டினீர்” வந்தது. கடைசியில் ஒரு நாள் ஞானப்பூ உற்றுக் கேட்டாள். ஜெபம் முடிந்துவிட்டது. நன்றி என்ற சொல்லே அதில் வரவில்லை.

அவள் நொண்டிக்கொண்டே முன்னால் வந்து நின்றாள்.

“தம்பி, உன்னோடு வாதாட எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இயேசு எனக்காக உயிர் கொடுத்தார், அவருக்கு நன்றி என்று சொல், பார்ப்போம்.”

“இவ்வளவுதானா?” என்று சிரித்தது கரிச்சான். “இயேசு எனக்காக உயிர் கொடுத்தார், அவருக்கு நன்றி. ஆனால்…”

“அங்கேதான்! அந்த ‘ஆனால்’ வேண்டாம். அது இல்லாமல் சொல்லு.”

“இயேசு எனக்காக உயிர் கொடுத்தார். ஆனால் அம்மா, அதோடு நிறுத்திவிட்டால்…”

“மறுபடியும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரே ஒரு முறை சொல்லு, தம்பி.”

கரிச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆனால் இல்லாவிட்டால் அப்புறம் நான் எதற்கு?” என்று கத்தியது. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கே உறைத்தது.

ஆடுகள் சட்டென்று கரிச்சானைத் திரும்பிப் பார்த்தன.

“கேட்டீர்களா?” என்றாள் ஞானப்பூ. “ஆண்டவர் செய்தது போதும் என்றால் இவனுக்கு இங்கே வேலை இல்லை. அதனால்தான் போதாது, போதாது என்கிறான். பள்ளத்தில் கிடந்த என்னைத் தூக்க வந்தவர், நீ பாதி ஏறி வா என்று சொல்லவில்லை. அடிவரைக்கும் இறங்கி வந்தார்.”

இரண்டு ஆடுகள் அவள் பக்கம் நகர்ந்தன. கொம்பையாவோ குளம்பால் பாறையைத் தட்டினான். “போதும் ஞானப்பூ! உனக்குப் பொறாமை. தீர்க்கதரிசி என்று என்னைச் சொன்னவனை நீ விரட்டப் பார்க்கிறாய். நாங்கள் இறங்கப் போகிறோம்.”

“மருக்கொழுந்து, நீயாவது இரு” என்று கெஞ்சினாள் ஞானப்பூ.

மருக்கொழுந்து அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. “எனக்குப் பசிக்கிறது, அக்கா” என்றாள். இறங்கிவிட்டாள். அவளையும் கொம்பையாவையும் சேர்த்து ஏழு பேர் இறங்கிப் போனார்கள். கரிச்சான் மரத்துக்கு மரம் தாவி வழிகாட்டியது.

புல்வெளி உண்மையாகவே பச்சையாக இருந்தது. ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. கரிச்சான் உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கையை அப்படியே அடித்தது. ஏன் அப்படிச் செய்தது? செந்நாய்கள் இரை தின்ற இடத்தில் ஈயும் வண்டும் மொய்க்கும். கரிச்சானுக்கு அதுதான் விருந்து.

மேலே விளிம்பில் நின்ற ஞானப்பூ, புல்லுக்குள் செம்பட்டையாக ஏதோ நெளிந்து வருவதைக் கண்டாள். ஒன்றல்ல, எட்டு.

“ஓடி வாருங்கள்! செந்நாய்! பாறைக்கு ஓடி வாருங்கள்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆடுகள் திடுக்கிட்டுத் தலை தூக்கின. உடனே மரத்திலிருந்து அதே ஞானப்பூவின் குரல் வந்தது. “வராதீர்கள்! பாறையில் சிறுத்தை நிற்கிறது! அங்கேயே இருங்கள்!”

இரண்டும் ஒரே குரல். எதை நம்புவது? ஆடுகள் நின்ற இடத்திலேயே சுற்றின. ஞானப்பூ மறுபடி கத்தினாள். கரிச்சான் அவளை மிஞ்சிக் கத்தியது. செந்நாய்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

இனி கத்திப் பயனில்லை என்று ஞானப்பூவுக்குப் புரிந்தது.  நொண்டிக் காலோடு சமவெளியில் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. “ஆண்டவரே, எனக்காக நீர் இறங்கினீரே” என்று மட்டும் சொன்னாள். பாறையிலிருந்து குதித்தாள். விளிம்பு விளிம்பாகத் தாவி, புல்வெளிக்குள் நொண்டி நொண்டி ஓடினாள்.

முதலில் பார்த்தவள் மருக்கொழுந்து. “அக்கா! அதோ அக்கா வருகிறாள்!” என்று அலறினாள். “அவன் மரத்தில் இருந்துகொண்டு பேசுகிறான். அக்கா நமக்காக இறங்கி வருகிறாள். அக்கா பின்னால் ஓடுங்கள்!”

மந்தை பாய்ந்தது. செந்நாய்களும் பாய்ந்தன. ஞானப்பூ முன்னே ஓட, ஆடுகள் அவள் பின்னே பாறையடிக்கு வந்து ஒவ்வொன்றாகத் தாவி ஏறின. கடைசியில் நின்ற கொம்பையா ஏறவில்லை. திரும்பி நின்று கொம்பைத் தாழ்த்தினான்.

“நான் கூட்டிவந்த கூட்டம். இவர்கள் ஏறும்வரை ஒருவனும் என்னைத் தாண்ட முடியாது!” என்றான்.

முதல் செந்நாயை முட்டித் தள்ளினான். இரண்டாவது அவன் பின்தொடையைக் கவ்வியது. மேலிருந்து ஞானப்பூவும் மற்ற ஆடுகளும் குளம்பால் கற்களை உருட்டிவிட்டார்கள். கல் விழுந்ததும் செந்நாய்கள் விலகின. கொம்பையா ரத்தம் ஒழுக, தட்டுத் தடுமாறி முதல் விளிம்பில் ஏறிவிட்டான். அதற்கு மேல் செந்நாய்களால் வர முடியவில்லை. பத்து ஆடுகளும் பிழைத்தன.

விருந்து கிடைக்காத கரிச்சான் அடுத்த மலையைப் பார்த்துப் பறந்துபோனது.

காயம் ஆறும்வரை கொம்பையாவால் எழுந்து மேய முடியவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு பொந்தில் கிடந்தான். ஞானப்பூவும் மருக்கொழுந்தும் பாறை இடுக்கில் கிடைத்த காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார்கள். ஒரு வாய்கூட நிறையாத புல்.

அவன் அதைப் பார்த்தான். “அந்தப் பச்சைப் புல்வெளியில் வயிறு முட்டத் தின்றேன், ஞானப்பூ” என்றான். “தின்னும்போது ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.”

“இப்போது பாருங்களேன், அண்ணே” என்றாள் ஞானப்பூ.

கொம்பையா மெல்ல வானத்தைப் பார்த்தான்.  கண்ணீர் வந்தது. பிறகு குனிந்து, அந்தக் காய்ந்த புல்லை ஒவ்வொரு இழையாக, ருசித்து ருசித்துத் தின்றான்.

நீதி: இயேசு நமக்குச் செய்தது போதாது என்று சொல்லும் போதனை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதை நம்பாதே, பெற்ற கிருபையை நன்றியோடு நினைத்திருப்பவன் நிலை தவறுவதில்லை.