கல்லீரலுக்கு அடியில் ஒரு பச்சைப் பை

அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு வரும்; கசப்பு மட்டும் எதன் வயிற்றிலும் கிடையாது. முயலை அறுத்தாலும் காடையை அறுத்தாலும் உள்ளே இதயம், ஈரல், குடல், அவ்வளவுதான். அவசரக் கை எப்படிப் பிய்த்துப் போட்டாலும் கறி கறியாகவே இருக்கும். இந்த வசதியால் கெட்டுக் குட்டிச்சுவரானவன் சென்னான்.

சென்னான் வேட்டைக்காரன். சூரன்தான், அதை யாரும் மறுக்கவில்லை. காலையில் கண்ணிகளைப் பார்த்துவிட்டு வருவான். தோள்பையை வாசலில் கவிழ்ப்பான். ஆறு முயல், பதினைந்து காடை, நாலைந்து கௌதாரி. கவிழ்த்த கையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். அந்த முயல் எப்படி வளைந்து ஓடியது, இவன் எப்படி அதைவிட வளைந்து ஓடினான் என்று மதியம் வரை அங்கே பேச்சு நடக்கும். கேட்பதற்கும் நாலு சோம்பேறிகள் உண்டு.

மீதி வேலை அவன் பெண்டாட்டி பூவாத்தாளுடையது. மீதி என்று சொல்வது சுலபம். முயலைக் கிளையில் தலைகீழாகக் கட்ட வேண்டும். கணுக்காலைச் சுற்றி வளையமாகக் கீறி, தொடை வழியாகத் தோலைப் பிரித்து, ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோலத் தலைவரை இழுக்க வேண்டும். பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் இரண்டே இழுப்பு. இல்லாவிட்டால் முயலும் ஆடும், கிளையும் ஆடும், இழுக்கிறவளும் ஆடுவாள். ஒரு ரோமம் கறியில் ஒட்டினால் போதும், ஏழு தண்ணீரில் கழுவினாலும் போகாது. சாப்பிடும்போது அதைக் கண்டுபிடிக்கிறவனும் சென்னான்தான். அப்புறம் வயிறு. கத்திக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, குடல் கிழியாமல் திறக்க வேண்டும். அதற்கப்புறம் உள்ளங்கை அளவில் பதினைந்து காடை வரிசையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பூவாத்தாள் வாயைத் திறந்து கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு முயலுக்காவது பின்னங்காலைப் புடிச்சுக் குடுத்துட்டுப் போனா என்னங்க?"

மரத்தடியில் பேச்சு நின்றது.

"கேட்டீங்களா சங்கதிய?" என்றான் சென்னான். "ஓடிப் புடிச்சவன் நானு. உக்காந்து உரிக்கறதுக்கு இவளுக்குத் தொணை வேணுமாமா! கத்தி இருக்குது, கை ரெண்டு இருக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டே செய்யலாம் புள்ள அதையெல்லாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக் கொடுத்த தைரியத்தில் அவன் இன்னொன்றும் சொன்னான்.

"நோம்பிக்கு மறுநாளு கரட்டுக்கு அந்தப்பக்கத்து ராக்கியண்ணன் நம்மூட்டுக்குச் சோத்துக்கு வர்றாரு. அவருக்குக் கல்யாண வயசுல ஒரு புள்ள இருக்குது. கை வேகமான புள்ளையாமா. இவளுக்கு முடியாட்டிப் போச்சாது, வர்றவ உரிக்கட்டும்!"

பதினோரு வருஷம் முழங்கை வரை ரத்தம் காய உட்கார்ந்து உரித்தவளுக்கு, அத்தனை பேர் முன்னால், இதுதான் பதில். பூவாத்தாள் ஒன்றும் பேசவில்லை. பேச்சு வராமலா? வந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது பைக்குள் ஏதோ அசைந்தது. கால் கட்டோடு ஒரு கௌதாரி தலையை நீட்டியது. அதற்கு உயிர் இருந்தது, கோபமும் இருந்தது.

"அம்மிணி, அவஞ் சொன்னதை நானுங் கேட்டேன்," என்றது. "என்னைப் பத்தி என்ன சொன்னான் தெரியுமா? நானே நடந்து வந்து கண்ணியில காலை உட்டேனாமா! மூணு நாளா அந்தக் கண்ணியைச் சுத்திப் போனவ நானு!"

"உனக்கு ஒரு நாளுப் பேச்சு. எனக்குப் பதினோரு வருஷம்."

"கொல்றது சரி, பசிக்குக் கொல்றாங்க. நானுங் கரையானைத் தின்னு வளந்தவதான். ஆனா என்னைய அறுக்கறது ஒண்ணுமில்லாத வேலையாமா? அப்ப என்ற ஒடம்பென்ன ஓட்டைச் சட்டியா?" கௌதாரி மூச்சு வாங்கியது. "அது கெடக்குது. நீ அவனைத் திருப்பி என்ன கேட்டே?"

"ஒண்ணுங் கேக்கலை."

"கேக்காத பேச்செல்லாம் எங்க போச்சு?"

பூவாத்தாள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"துப்பு," என்றது கௌதாரி.

பூவாத்தாள் இருமினாள். அடிவயிற்றிலிருந்து இருமினாள். வாய் நிறையப் பச்சையாக என்னவோ வந்தது. எட்டிக்காய் அதற்கு முன்னால் வெல்லம். ஒரு சொட்டுக் கீழே விழுந்த இடத்தில் எறும்புகள் வந்த வழியே திரும்பிப் போயின.

"வீணாக்காதே! கட்டி எங்கிட்டக் குடு."

முயல்தோலின் உள்பக்கத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு சவ்வு வரும். அதில் பொட்டலமாகக் கட்டி நீட்டினாள். கௌதாரி ஒரே விழுங்காக விழுங்கியது. பொட்டலம் போய் ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டது.

"இனி அவசரக் கை பட்டா ஒடையும்," என்றது. "பதனமான கைக்கு ஒடையாது. என்னைய அவுத்து உட்டீன்னா காடு பூராக் கொண்டுபோய்ச் சேத்திருவேன்."

வேட்டைக்காரன் வீட்டுப் பொம்பளை பிடிபட்ட பறவையை அவிழ்த்துவிட்டதாக அதுவரை எங்கேயும் பேச்சில்லை. பூவாத்தாள் கட்டை அறுத்தாள்.

கௌதாரி பறந்துபோய், விழுங்கியதில் கொஞ்சம் கக்கி, முயலுக்கு ஒரு சொட்டு, காடைக்கு ஒரு சொட்டு, உடும்புக்கு ஒரு சொட்டு என்று பங்கு வைத்தது. கசப்புக்கு வளரச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பையாக வளர்ந்தது. புறா மட்டும், "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று கழுத்தை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டது. எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒன்று இருக்கும். புறாவை அறுத்தால் இன்றைக்கும் அந்தப் பை இருக்காது.

நோம்பிக்கு மறுநாள் ராக்கியண்ணன் பெரிய மீசையும் பெரிய பசியுமாக வந்து சேர்ந்தார். மரத்தடி நண்பர்களும் வந்தார்கள். சென்னான் வாசலில் பையைக் கவிழ்த்தான். பூவாத்தாள் கத்தியைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள்.

"கத்தி இருக்குதுங்க, கை ரெண்டு இருக்குதுங்க. கண்ணைக் கட்டோணுமா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்குங்க."

"என்னப்பா, நீதான் உரிக்கப் போறியா?" என்றார் ராக்கியண்ணன். "செரி, செய்யி. பாக்கலாம்."

விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல முடியுமா? சென்னான் உரித்தான். பாதித் தோல் கையோடு வந்தது, பாதி முயலோடு தங்கியது. வயிற்றை ஒரே கீறாகக் கீறி, ஈரலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். உள்ளங்கைக்குள் என்னவோ பட்டென்று உடைந்தது. விரலெல்லாம் பச்சை. அந்த விரலை மகராசன் எதில் துடைத்தான்? கறியிலேயே துடைத்தான்.

மிளகும் சீரகமும் அரைத்துப் பூவாத்தாள் குழம்பு கூட்டினாள். களியோடு பரிமாறினாள். ராக்கியண்ணன் ஒரு வாய் வைத்தார். மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. எழுந்து ஓடிப்போய் வேலி ஓரம் துப்பினார்.

"ஏப்பா, இது கறியா, கஷாயமா?" என்று கத்தினார். "ஏம்மா, நீயா ஆக்குனே?"

"அரைச்சது நானுங்க. உரிச்சது, கழுவுனது அவருங்க. அது ஒண்ணுமில்லாத வேலைங்களாமா."

கிளையில் இன்னொரு முயல் தொங்கிக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் அதைக் காட்டினார். "இதை நீ பண்ணும்மா. பசி உசிரு போகுது."

பூவாத்தாள் அசையவில்லை. "பின்னங்காலைப் புடிக்க ஆள் வேணுமுங்க."

எல்லாரும் சென்னானைப் பார்த்தார்கள். மரத்தடி நண்பர்கள்கூட. அவன் எழுந்து வந்து பிடித்தான்.

இரண்டு இழுப்பில் தோல் வந்தது. வயிற்றைத் திறந்தாள். ஈரலை ஒற்றை விரலால் தூக்கினாள். அடியில் பச்சைப் பை பளபளத்தது. ஈரலில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று அதோடு சேர்த்து அறுத்தெடுத்து, ஓர் இலையில் வைத்துச் சென்னான் முன்னால் நீட்டினாள்.

"இதுங்க. இதை ஒடைச்சுட்டுத்தான் சட்டியோட கெடுத்தீங்க."

ராக்கியண்ணன் இரண்டாவது குழம்பை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போது சென்னானிடம், "என்ற புள்ளைக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்," என்றார். "இப்படியொரு கை ஊட்டுல இருக்கையில உனக்கு இன்னொண்ணு எதுக்குடா, மடையா?"

அன்றைக்குப் பிறகுதான் முயலானாலும் காடையானாலும் ஈரலுக்கு அடியில் அந்தப் பச்சைப் பை இருக்கிறது; வேட்டையைக் கொண்டுவந்து போட்டவன் மரத்தடிக்கு ஓடாமல் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்; கத்தி ஈரலை நெருங்கும்போது, எப்பேர்ப்பட்ட வாய்க்காரனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மூடுகிறான்.