தண்ணியாக்குற ஊசி

பிள்ளை பெற்றவர்களுக்கு ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஓர் ஊசி உண்டு. அதில் எவ்வளவு மருந்து இருந்தால் போதும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் டாக்டர் நவநீதன். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆயிரம் தாய்மார்களை உண்டாக்கியிருந்தார். குண்டானவர்கள், ஒல்லியானவர்கள், சிசேரியன் ஆனவர்கள், காய்ச்சல் கண்டவர்கள். ஒருத்திக்கும் பெயர் கிடையாது.

ஒருநாள் தன் பேராசிரியை பிலோமினா முன்னால் போய் நின்றார்.

"மேடம், சண்முகப்பிரியா மட்டும் கணக்குக்குள்ள வரவே மாட்டேங்குறா."

சண்முகப்பிரியா உண்மையான பெண். சிசேரியன் முடிந்து, தானே போட்டுக்கொள்ளக் கொடுத்த ஊசிகளோடு வீட்டுக்குப் போனவள், மூன்றாவது வாரம் மூச்சுத் திணறித் திரும்பி வந்தாள். நுரையீரலில் ரத்தக்கட்டி. பிள்ளையைக் கேட்டாள். கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

"வந்தப்ப எடுத்த ரத்தத்துல மருந்தே இல்ல மேடம். பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்குக் கிட்னி மருந்தைச் சீக்கிரம் வெளியே தள்ளிடுதோ என்னமோ. எல்லாருக்கும் டோஸைக் கூட்டிடலாமா?"

"கூட்டினா?"

"கொஞ்சம் பேருக்கு ரத்தப்போக்கு வரும்."

"கொஞ்சம் பேர்னா யாரு?"

பிலோமினா எழுந்தார்.

"இன்னைக்குத் தடுப்பூசி நாள். சண்முகப்பிரியா வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கார். வா, கேட்போம்."

இசக்கிராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவர். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டல் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. கை இன்னும் பழகவில்லை. நவநீதனைப் பார்த்ததும் எழுந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினார்.

"உங்களைத்தான் தேடினேன் சார். எல்லாம் அவ மிச்சம் வச்ச ஊசி. பிரிக்கவே இல்ல. வேற யாருக்காவது ஆகும்லா?"

"ஏன் போடல?" நவநீதனின் குரல் உயர்ந்துவிட்டது.

"ரெண்டு நாள் போட்டா சார். அப்புறம் மாட்டேன்னுட்டா. ரத்தம் தண்ணியாப் போனா பாலும் தண்ணியாத்தான வரும், பிள்ளை எப்படித் தேறும்னா. எனக்கும் சரின்னு பட்டுச்சு."

"தண்ணியாப் போகும்னு யார் சொன்னது?"

"நீங்கதான சார்."

பிள்ளை சிணுங்கியது. இசக்கிராஜ் தோளை மாற்றிக்கொண்டார்.

"ரத்தத்தைத் தண்ணியாக்குற ஊசிம்மான்னு சொன்னீங்க. அவளுக்குப் புரியணும்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. வீட்டுக்கு வந்தும் உங்க பேச்சுத்தான். மத்தவங்கல்லாம் நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறாங்க, அந்த டாக்டர் மட்டும்தான் உக்காந்து பேசினார்னு."

குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பச்சை உடம்புக்காரியின் காதில் எந்தச் சொல் விழுந்தாலும் அது பிள்ளையைப் பற்றிய சொல்லாகத்தான் விழும். நவநீதனுக்கு இது தெரியாது. அவர் படித்த இடத்தில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

பையை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினார்கள்.

"ரத்தம் கட்டாம இருக்கன்னு சொல்லியிருக்கலாம் மேடம். ஒரு வார்த்தைதான்."



நவநீதன் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"டோஸைக் கூட்ட வேண்டாம். ஊசி போடாம விடுறவங்களையும் கணக்குல சேர்க்கணும். நூத்துக்கு இத்தனை பேர்னு ஒரு எண் கொடுத்துட்டா..."

"கொடு," என்றார் பிலோமினா. நாற்காலியை நவநீதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "நவநீதா, இவங்க ஆயிரம் பேர்கிட்டயும் இந்த ஊசியைப் பத்தி என்னன்னு சொன்ன?"

"இவங்ககிட்டயா? எதுவும் சொல்லலையே மேடம்."

"அதான் எல்லாரும் உயிரோட இருக்காங்க."