முந்தாநாள் கரைத்த கூழ்

"வெயிலுக்கு லேசா ஏதாவது பண்ணுன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

மடத்தம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

வந்தவாசிப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு கிணறு. அம்மாவுக்குத் தணிகாசலத்தைவிடப் பத்து வயது குறைவாகவே இருக்கும். ஆனாலும் அந்த வட்டாரத்தில் மனம் நொந்தவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் நொந்தவர்கள். மீதிப் பேர் வீட்டில் இருப்பவர்களை நோகடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களும் தங்களை நொந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

"யாரு கிட்ட சொன்னீங்க?" என்றார் அம்மா.

"என் வீட்டுக்காரி கிட்ட. பட்டம்மா. கத்திரி வெயில் ஆரம்பிச்சதுல இருந்து தினம் மத்தியானம் கூழு. இல்லைன்னா மோர் சோறு. நானும் பசங்களும் உட்கார்ந்திருந்தோம். தினம் இதேதானா, வேற ஏதாவது லேசா பண்ணக் கூடாதான்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. கரண்டியைக் கீழ வச்சா. கையைக் கழுவினா. பையை எடுத்துக்கிட்டு ஆரணியில தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா. ஆள் மேல ஆள் விட்டுப் பாத்துட்டேன். வர மாட்டேங்கிறா."

"நீங்க போகலையா?"

"நான் எதுக்குப் போகணும்? தப்பு அவ மேலதானே?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"பசங்க ஹோட்டல்ல சாப்பிடறாங்க. எனக்கு வயிறு கெட்டுப்போச்சு. வீடே வெறுத்துப்போச்சும்மா. எனக்குச் சன்னியாசம் கொடுத்துடுங்க. இங்கயே கிடக்கிறேன்."

சன்னியாசம் என்றால் மூன்று வேளையும் யாரோ ஆக்கிப் போடுவார்கள், நாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. தணிகாசலத்தின் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை.

"காலையில வந்ததும் என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார் அம்மா.

"நீராகாரம். மோர் மிளகாய் கடிச்சுக்கிட்டேன். வயித்துக்கு எவ்வளவு லேசா இருந்தது தெரியுமா? இதைத்தான் நான் அவ கிட்ட கேட்டேன்."

"சரி. இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு உங்க பொறுப்பு. எங்க நாலு பேரோட உங்களையும் சேத்து அஞ்சு பேர். வெயிலா இருக்கு. லேசா ஏதாவது பண்ணுங்க."

தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சை இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டினார்.

"தயிர் எங்கம்மா?"

"காலையில நடந்து வந்தவங்களுக்கு மோர் கரைச்சு ஊத்தியாச்சு."

"பால் இருக்கு. உறை ஊத்திடட்டுமா?"

"ஊத்துங்க."

"எப்பத் தோயும்?"

"பொழுது சாயும்போது."

தலை உள்ளே போனது. திரும்ப வந்தது.

"பழைய சோறு கொஞ்சம் இருக்குமா?"

"நேத்துச் சோத்துல தண்ணி ஊத்தினீங்களா?"

"நேத்து நான் இங்க இல்லையேம்மா."

"ஊத்தினவங்க இருந்தாங்க. அதைத்தான் காலையில குடிச்சீங்க."

"அப்ப கூழு காய்ச்சிடறேன். கேவுரு மாவு இருக்கு."

"மாவைக் கரைச்சுப் புளிக்க வச்சீங்களா?"

"இப்பக் கரைக்கிறேன்."

"கரைங்க. நாளைக்கு அரிசி நொய்யோட சேத்துக் காய்ச்சலாம். ஆறட்டும். நாளன்னிக்கு மோர் விட்டுக் குடிக்கலாம்."

தணிகாசலம் அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்குக் குடிக்கிற கூழை முந்தாநாளே ஆரம்பிக்கணுமா?"

"ஆமா."

"அவ ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் உள்ளே போனார். நேற்று இல்லாத மனிதனுக்கு இன்றைக்கு இருப்பது நெருப்பு ஒன்றுதான். அரிசியைக் களைந்து உலை வைத்தார். பருப்பு வேகவைத்து, புளி கரைத்து ரசம் வைத்தார். விறகு அடுப்பு. மேலே தகரக் கூரை. விசிறிக்கொள்ளவும் வழியில்லை. விசிறினால் சாம்பல் பறந்து சோற்றில் விழுந்தது. வீட்டு அடுப்படியில் ஃபேன் மாட்டித் தரும்படி பட்டம்மாள் ஒரு தடவை கேட்டதும், ஃபேன் போட்டால் கேஸ் அடுப்பு அணைந்துவிடும் என்று தான் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு கூடத்து ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டதும் உண்மைதான்.

சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டியது. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. உச்சி வெயில் தாண்டித்தான் இலை போட முடிந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கும் சோறு, கொதிக்கிற ரசம்.

அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். இலையை மூடினார்.

"இந்த வெயிலுக்கு இதையா சாப்பிடறது? லேசா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

தணிகாசலம் கரண்டியைத் தரையில் ஓங்கி அடித்தார்.

"உள்ள வந்து நின்னு பாத்திருக்கணும்! உசிரே போயிடுச்சு எனக்கு! உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டு லேசாம் லேசு!"

மற்ற மூன்று பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அம்மா எழுந்து கை கழுவப் போனார்.

தான் என்ன சொன்னோம் என்பது தணிகாசலத்தின் காதில் அப்புறம்தான் விழுந்தது. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வெந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். உண்மையாகவே அழுதார். அதில் சந்தேகம் வேண்டாம்.

வெயில் இறங்கியதும் எழுந்து வந்து கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்தார். மறுநாள் அது புளித்துப் பொங்கியிருந்தது. நொய் வேகவைத்து, மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறினார். தோள்பட்டை கழன்று விழுவதுபோல இருந்தது. நிறுத்தவில்லை. காய்ச்சியதை ஆறவிட்டு மூடினார். அதற்கு அடுத்த நாள் காலையில் மோர் விட்டுக் கையாலேயே கரைத்தார். உப்புப் போட்டார். வெங்காயம் நறுக்கினார். ஒரு தூக்குவாளி நிறைய ஊற்றி மூடினார்.

"சன்னியாசம் வேணாமா?" என்றார் அம்மா.

"வேணாம்மா. ஆரணிக்குப் போறேன்."

"எதுக்கு?"

"அவளைக் கூட்டிட்டு வரத்தான். இதைக் குடிச்சா வந்துடுவா. என் கையால காய்ச்சினதுன்னு சொன்னா அவளால நம்பவே முடியாது."

அம்மா ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"கூழு நல்லா இருக்கு," என்றார்.

தணிகாசலம் பஸ்ஸில் தூக்குவாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஆரணியில் தம்பி வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பட்டம்மாள். மத்தியான வேளையில் அவள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. வேறு யாரோ என்று நினைத்து வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார்.

"வாங்க," என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவர் தூக்குவாளியைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"யாரு காய்ச்சினது?"

"நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். கஞ்சி கொட்டிய இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"நல்லா புளிச்சிருக்கு," என்றாள். "கட்டியே தட்டலை."

"விடாம கிளறினேன்."

முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். அவர் இன்னொன்று ஊற்றினார். அதையும் மெதுவாகக் குடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்திருக்க அவர் நின்று ஊற்றியது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"கிளம்பு பட்டு. நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"இவ்வளவு நல்லா காய்ச்சறீங்க. அப்புறம் நான் எதுக்கு?"

தணிகாசலமும் சிரித்தார். மனம் லேசாகியிருந்தது அவருக்கு. யோசிக்காமல் சொன்னார்.

"ஒரு நாள்னா சரி. இந்த வெயில்ல தினம் தினம் அடுப்படியில நிக்கிறதுக்கு மனுசங்களால முடியுமா?"

பட்டம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் நின்னேனே," என்றாள்.