நூறு வாங்கிய நாகலிங்கரும் நூற்றியோராவது கேள்வியும்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முந்தி, வெண்ணாவல் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. "மீசை இல்லாதவன் சபைக்கு வரக்கூடாது" என்பான். மறுவாரம் அவன் மீசையே அரிக்கத் தொடங்கும். உடனே ஊரே மழித்துக்கொள்ள வேண்டும்.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பாடசாலை இருந்தது. ராஜா முதல் பெரிய மனிதர்கள் எல்லோரும் அங்கே படித்தவர்கள்தான். தேர்வுக்கு மொத்தம் நூறு கேள்விகள். ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் அவற்றைக் கல்லில் வெட்டி வாசலில் நட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? அதே நூறு கேள்வி, அதே நூறு பதில். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி மனப்பாடம் செய்வார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவனுக்கு முன்வரிசை, குறைந்தவனுக்குக் கடைசி வரிசை.

நூற்றுக்கு நூறு வாங்கியவர் நாகலிங்கர் ஒருவர்தான். இருபது வருஷமாக அவரே பாடசாலைத் தலைவர். மதிப்பெண் ஓலையைத் தங்கக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். கூடப் படித்த கூத்தபிரான் மந்திரியாக இருப்பதைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் சபையில் எழுந்தார். "அரசே, மந்திரியாரின் பழைய ஓலை கிடைத்தது. படிக்கட்டுமா?"

"படியும்!"

"ஒன்பது."

"பத்துக்கா?"

"நூற்றுக்கு, அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒன்பது வாங்கியவர் பேச்சைக் கேட்டா நான் ஏரி வெட்டினேன்?"

"ஏரியில் தண்ணீர் நிற்கிறதே, மன்னா" என்றார் கூத்தபிரான்.

"நிற்கிறது. ஆனால் அது ஒன்பது மதிப்பெண் தண்ணீர்! இனி மதிப்பெண் அதிகம் உள்ளவரே மந்திரி. வெள்ளிக்கிழமை முத்திரை மோதிரத்தை நாகலிங்கரிடம் கொடும்."

கூத்தபிரானுக்குச் சுருக்கென்றது. நாட்டுக்காக உழைத்ததெல்லாம் ஓர் ஓலையோடு போய்விடுமா? கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைகூப்பினார். "ஒரே ஒரு விண்ணப்பம். ஓலை ரொம்பப் பழசு. பாடசாலை மதிலுக்குள் எட்டு வருஷமாவது இருந்தவர்கள் எல்லோருக்கும் மறுபடி வாய்மொழித் தேர்வு வையுங்கள். முதலாவதாக வருபவர் மந்திரி."

போட்டி என்றால் ராஜாவுக்குக் கொண்டாட்டம். சரி என்றான். நாகலிங்கரோ அப்போதே மோதிரத்துக்கு விரலைத் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தேர்வு நடந்தது. சேனாதிபதிக்குப் பதினொன்று. அரண்மனை வைத்தியருக்கு ஏழு. ராஜாவும் ஆசைப்பட்டு உட்கார்ந்தான். நாலாவது கேள்வியிலேயே அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. கூத்தபிரானுக்கு இந்த முறை ஆறு. நாகலிங்கருக்கு நூறு!

"இன்னும் ஒருவர் பாக்கி" என்றார் கூத்தபிரான்.

வந்தவள் காத்தாயி. நாற்பது வருஷமாகப் பாடசாலையைப் பெருக்குகிறவள். துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, நூறு பதிலையும் மடமடவென்று ஒப்பித்தாள். நடுவில் கேள்வி கேட்டவர் விட்ட ஒரு வரியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"காதில் விழுந்ததைத்தானே சொல்கிறாள்!" என்று குதித்தார் நாகலிங்கர்.

"உமக்கும் காதில் விழுந்ததுதான், ஐயா. நீர் உட்கார்ந்து கேட்டீர், அவள் நின்று கேட்டாள்" என்றார் கூத்தபிரான்.

ராஜா வியந்துபோனான். "இவ்வளவு தெரிந்தும் ஏனம்மா துடைப்பம் பிடிக்கிறாய்?"

"என்னை யாருங்க மகராசா கேள்வி கேட்டாங்க? அங்க பெருக்கு, இங்க பெருக்குன்னுதான் சொன்னாங்க."

ராஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இருவருக்கும் நூறு. கல்லில் இல்லாத கேள்வி ஒன்றை ஒருவரையொருவர் கேளுங்கள்."

நாகலிங்கர் முந்திக்கொண்டார். "மேருமலையின் உயரம் எத்தனை யோசனை தூரம்?"

"தெரியாதுங்க சாமி" என்றாள் காத்தாயி, கூச்சமே இல்லாமல். பிறகு அவள் கேட்டாள்: "மழை பேஞ்சா நம்ம பாடசாலையில எந்த எடம் ஒழுகும்?"

தெரியாது என்ற வார்த்தை நாகலிங்கர் வாயில் வந்ததே இல்லை. "ஒழுகாது! எட்டு வருஷம் முன்வரிசையில் இருந்தேன். ஒரு சொட்டு விழுந்ததில்லை!"

முன்வரிசையில் படித்த ராஜாவும் தலையாட்டினான்.

"கடைசி வரிசை, வடக்கு மூலை" என்றார் கூத்தபிரான். "எட்டு வருஷமும் என் தலையில்தான், மன்னா."

"ஆமாங்க" என்றாள் காத்தாயி. "மதிப்பெண்ணு கொறஞ்ச புள்ளைங்கள அங்கதான் ஒக்கார வைக்கிறாங்க. நனைஞ்சுக்கிட்டு அது எங்க படிக்கும்? மறுபடி கொறையும். மறுபடி அங்கதான்."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மந்திரியைக் கேட்டான் ராஜா.

"வருஷா வருஷம் சொன்னேன். ஒழுகவில்லை என்று தலைவர் எழுதி அனுப்புவார். நூறு வாங்கியவர் பேச்சைத்தான் நம்பினீர்கள்."

ராஜா எழுந்தான். சபையே பாடசாலைக்கு நடந்தது. வடக்கு மூலையில் நாகலிங்கரை உட்காரவைத்து, கூரைமேல் இருபது குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். முதல் சொட்டு தலைப்பாகையில் விழுந்தது. அப்புறம் சொட்டுக்குக் கணக்கில்லை. தங்கக் குப்பியிலும் தண்ணீர் நிரம்பியது.

"காத்தாயி, மோதிரம் உனக்கா?"

"அது எட்டு வருஷம் நனைஞ்ச மந்திரிகிட்டயே இருக்கட்டும், மகராசா. எனக்குக் கேள்வி கேக்குற வேல குடுங்க."

அப்படியே ஆயிற்று. கல்லைப் பெயர்த்து ஆற்றங்கரையில் துணி துவைக்கப் போட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் காத்தாயி புதுக் கேள்வி கேட்டாள்.

"நாகலிங்கரே, நீரே தலைவராக இரும்" என்றான் ராஜா. "ஆனால் கூரை சரியாகும் வரை உம் இருக்கை இந்த மூலைதான்."

மழைக்காலத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நாற்பது வருஷமாக ஒழுகிய கூரை நாலாம் நாளே சரியாகிவிட்டது.