தெற்கே போனவர் கடலைக் காணோம் என்றார்

செண்பகநல்லூரை ஆண்ட உலகுடையார் மகாராஜாவுக்கு முத்திரை குத்துவதென்றால் கொள்ளை ஆசை. நெய்க்குடத்துக்கு முத்திரை, தராசுக்கு முத்திரை, சந்தைக்கு வரும் மாட்டுக்கும் முத்திரை. குத்துவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை என்றானபோது அவருக்குப் பாடசாலைகள் நினைவுக்கு வந்தன.

"நல்ல பாடசாலைக்கு மட்டும் அரச முத்திரை. முத்திரை இல்லாத பாடசாலையில் படித்தவர்களுக்கு ராஜாங்கக் கல்லூரியில் இடம் கிடையாது" என்று ஆணை போட்டார். தரம் பார்க்கும் பொறுப்பைக் கல்வி அதிகாரி ஆலாலசுந்தரரிடம் ஒப்படைத்தார்.

அந்த வருஷம் முத்திரை வாங்கிய பாடசாலைகள் அத்தனையும் தலைநகர்க் கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தன. மலைநாட்டுக்கு ஒன்றும் இல்லை. கடற்கரைக்கும் இல்லை, வறண்ட சீமைக்கும் இல்லை. மகாராஜா அதைக் கவனிக்கவில்லை.

சபையில் மங்கைபாகர் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். மகாராஜாவுக்குக் கோபம் வராதபடி உண்மையைச் சொல்வதுதான் அவருடைய வேலை. சுலபமான வேலை அல்ல. அவரைத் தேடித் தெற்குக் கடற்கரைச் சிப்பிமுனையிலிருந்து வில்லாயுதம் என்ற வாத்தியார் வந்தார்.

"ஐயா, என் மாணவர்கள் இரண்டு பேர் வைத்தியம் படிக்கத் தேறியிருக்கிறார்கள். முத்திரை இல்லை என்று கல்லூரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்."

"முத்திரை ஏன் கொடுக்கவில்லையாம்?"

"பாடசாலைக் குளத்தில் தாமரை இல்லையாம். எங்கள் ஊரில் தோண்டினால் உப்புத் தண்ணீர். அதில் தாமரை எப்படி ஐயா பூக்கும்?"

"வந்து பார்த்தவர்களிடம் அதைச் சொன்னீர்களா?"

"யார் வந்தார்கள்? கடல் காற்று அவர்கள் உடம்புக்கு ஆகாதாம்."

மங்கைபாகர் வாத்தியாரைத் தலைநகரிலேயே தங்கச் சொன்னார். அன்றே மகாராஜாவிடம் விஷயத்தைச் சொன்னார். மகாராஜா நல்லவர்தான். "நாலு திசையிலிருந்தும் திசைக்கு ஒருவர் தரம் பார்க்கும் குழுவில் இருக்க வேண்டும்" என்று ஆலாலசுந்தரருக்கு உத்தரவிட்டார்.

மறுநாள் காலையிலேயே புதுக் குழு தயார். வடக்கிலிருந்து ஒருவர், தெற்கிலிருந்து ஒருவர், மேற்கிலிருந்து ஒருவர். கிழக்குக்கு ஆலாலசுந்தரரே. மகாராஜாவுக்குப் பரம சந்தோஷம். சபை நடுவில் ஆலாலசுந்தரருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

வடக்கே மலைநாட்டிலிருந்து ஓர் ஆள் ஒரே இரவில் எப்படி வந்து சேர்ந்தார் என்று மங்கைபாகருக்குப் புரியவில்லை. இருந்தாலும், தெற்குக்காரரிடம் சிப்பிமுனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமே என்று அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். கோயிலைத் தாண்டித் திரும்பியதும் வீடு வந்துவிட்டது. தெற்கு வீதி. வடக்குக்காரருக்கு வடக்கு வீதி. மற்றவர்களுடைய வீடு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதை நேராகப் போய்ச் சொல்ல முடியாது. மகாராஜா போர்த்திய பொன்னாடையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. "ஏமாந்துபோனீர்கள்" என்று சொன்னால் முதலில் உருளுவது சொன்னவன் தலை. மங்கைபாகர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

சில நாளில் சமயம் வாய்த்தது.

"மங்கைபாகரே, தெற்கே நம் துறைமுகத்துக்குச் சீனத்துக் கப்பல் வந்திருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வாரும்" என்றார் மகாராஜா.

மங்கைபாகர் வணங்கிவிட்டுப் புறப்பட்டார். மகாராஜா போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் திரும்பி வந்து நின்றார்.

"என்ன, இன்னும் கிளம்பவில்லையா?"

"போய்விட்டு வந்துவிட்டேன் மகாராஜா. செய்தி நல்லதாக இல்லை."

"கப்பலுக்கு என்ன ஆயிற்று?"

"கப்பலை விடுங்கள். கடலையே காணோம்."

மகாராஜா வெற்றிலையை விழுங்கிவிட்டார். "கடலைக் காணோமா?"

"நன்றாகத் தேடினேன். ஒரு சாக்கடை ஓடுகிறது. அதில் கப்பல் வர வாய்ப்பில்லை. ஒரு வாத்து நின்றது. சீனத்து வாத்தா என்று விசாரித்தேன், உள்ளூர் வாத்துதானாம்."

"நீர் எங்கே போனீர்?"

"தெற்கேதான். வழி தவறக் கூடாதே என்று நம் குழுவின் தெற்குக்காரர் வீட்டு வாசலுக்கே போய் நின்று பார்த்தேன்."

ஆலாலசுந்தரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தான் எங்கே காலை வைக்கிறோம் என்று பார்க்காமல் எழுந்தார். "மகாராஜா, இவர் போனது தெற்கு வீதிக்கு! தெற்கு வீதியும் தெற்குத் திசையும் ஒன்று என்று நினைக்கிற மூடன் இந்த நாட்டில் உண்டா?"

மங்கைபாகர் புன்னகையோடு ஒதுங்கி நின்றார். பேச வேண்டியதைத்தான் ஆலாலசுந்தரர் பேசிவிட்டாரே.

மகாராஜா நிதானமாகக் கேட்டார். "ஆலாலசுந்தரரே, வடக்குக்காரருக்கு வீடு எங்கே?"

"வடக்கு... வீதியில், மகாராஜா."

"மேற்கு?"

"மேல வீதி."

"கிழக்கு நீர்தானே?"

"கீழ வீதி" என்றார் ஆலாலசுந்தரர். குரல் கீழே போய்விட்டது.

மகாராஜா சிரிக்கவில்லை. அங்கேயே குழுவைக் கலைத்தார். மலைநாட்டார் தங்கள் ஆளைத் தாங்களே அனுப்பட்டும், கடற்கரையாரும் வறண்ட சீமையாரும் அப்படியே. நேரில் போய்ப் பார்க்காமல் எந்தப் பாடசாலையையும் தள்ளக் கூடாது என்றார். சிப்பிமுனை மாணவர்கள் இருவரையும் அன்றே கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வாசலில் காத்திருந்த வில்லாயுதம் செய்தி கேட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மங்கைபாகர் வணங்கிவிட்டுத் திரும்பினார். ஆனால் மகாராஜா விடவில்லை.

"தலைநகருக்கும் நியாயமாக ஓர் இடம் உண்டல்லவா? பழைய குழுவில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோம். நாலு பேரில் யாரை வைக்கலாம், நீரே சொல்லும்."

"யாரை வைத்தாலும் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வராது மகாராஜா" என்றார் மங்கைபாகர். "மற்ற மூன்று பேரும் ஆலாலசுந்தரரின் மைத்துனர்கள்."

அப்போதுதான் மகாராஜா சிரித்தார். கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.