செல்லக்கனியின் சுமைதாங்கி

உப்பளத்தில் மூட்டை சுமக்கும் சுடலைக்கண்ணு, ஐம்பது தாண்டியபின் நல்லதாயிடம் வர்ம வைத்தியம் படிக்க வந்தார். ஆசான் அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், படிக்கிறதுக்கு வயசு ஏது?

ஒருநாள் பாடத்தின் நடுவே அவர் கையிலிருந்து எண்ணெய்க் கிண்ணம் நழுவி விழுந்தது.

"விரல்ல உணர்ச்சி இல்லையா அண்ணாச்சி?"

"மரத்துப்போகுது ஆசானே. கழுத்துக்குள்ள நறநறன்னு சத்தம். யாரோ பிடரியில உக்காந்து பல்லைக் கடிக்கிற மாதிரி. கல்லுகிட்ட வரும்போது ரொம்பக் கேக்கு. கை போயிட்டா என் பிழைப்பே போச்சு. இது சரியாகுமா?"

நல்லதாய் அவர் பிடரியைத் தடவிப் பார்த்தாள்.

"ஜவ்வு தேஞ்சிருக்கு. தேஞ்சது வளராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். சுமையைக் குறைக்கணும். வழியில இறக்கி, கழுத்துக்கு ஓய்வு குடுக்கணும். ஆமா, எந்தக் கல்லு?"

"செல்லக்கனிக்கு நட்டது."

செல்லக்கனி அவர் மனைவி. நிறைமாதத்தில், பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்தவள். அப்படிப் போனவர்களுக்குச் சுமைதாங்கி நடுவது ஊர் வழக்கம். தலை உயரத்தில் ஒரு பலகைக் கல். உப்பளத்துக்கும் சாலைக்கும் நடுவில் அவரே முன்னின்று நட்டார். இருபது வருஷமாக எல்லோரும் அதில் மூட்டையை வைத்து இளைப்பாறினார்கள். அவர் மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. பாவி மனுஷன்.

"நாளைக்கு உச்சிப்பொழுதுல மூட்டையோட அங்க வாங்க" என்றாள் நல்லதாய்.

மறுநாள் தலையில் மூட்டையோடு வந்தார்; நல்லதாய் கல்லருகே நின்றாள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. காற்றே இல்லை. கல்லை நெருங்கியதும் நறநற என்று ஆரம்பித்தது.

"கேக்கா ஆசானே? என் கழுத்துதான்."

"நீங்க கழுத்தை அசைக்கவே இல்லையே, அண்ணாச்சி."

சுடலைக்கண்ணு மூச்சைப் பிடித்து நின்றார். சத்தம் நிற்கவில்லை. அது கல்லிலிருந்து வந்தது.

விரல்கள் மூட்டையைப் பிடிக்க முடியாமல் வழுக்கின.

"இறக்குங்க" என்றாள்.

"மாட்டேன்! சுமந்துகிட்டே செத்தவ அவ. அவ மேலயா என் பாரத்தை வைப்பேன்?"

"இந்தக் கல்லை எதுக்கு நட்டீங்க?"

"மத்தவங்க இறக்க இறக்க, அவ வயித்துப் பாரமும் இறங்கும்னு..."

"ஊரே இறக்கிட்டுப் போகுது. பிள்ளைக்கு அப்பன் இன்னும் இறக்கலை. இருபது வருஷமா அவ நிறைமாசமாவே நிக்கா."

சுடலைக்கண்ணு மெல்லத் தலையைக் கல்லோரம் கொண்டுபோய், மூட்டையை அதன் மேல் இறக்கினார். நறநற சத்தம் நின்றது.